முதலில் வந்த நாற்காலி

முப்பத்தொரு நாற்காலிகள் ஒரே சமயத்தில் பின்னால் நகரும் சத்தம். மொசைக் தரையில் இரும்புக் கால்கள் உரச, கர்ர்ரென்று எழும்பி, எழும்பிய வேகத்திலேயே அடங்கிவிடும். அதன் பிறகு ஓர் அமைதி. அந்த அமைதிக்குள் சென்னியப்பன் நடந்து போவார்.

முதல் முறை அதைக் கேட்டபோது அவருக்கு வயது முப்பத்து நான்கு. கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனி. வரைபடப் பிரிவுக்குத் தலைவராகி அன்றைக்குத்தான் உள்ளே காலெடுத்து வைக்கிறார். எங்கோ அலமாரி சரிந்துவிட்டது என்று நினைத்துச் சுற்றிலும் பார்த்தார். எதுவும் சரியவில்லை. எல்லாரும் அவருக்காக எழுந்து நின்றிருந்தார்கள்.

அதற்கப்புறம் இருபத்து நான்கு வருடம், காலை எட்டரை மணிக்கு அந்தச் சத்தம் ஒரு நாளும் தவறியதில்லை. ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும், எட்டரை மணியானால் அவர் காது தானாக எதையோ எதிர்பார்க்கும். வீட்டில் அந்நேரத்துக்குக் குக்கர்தான் சத்தம் போடும்.

அந்தப் பிரிவில் மரகதம் என்று ஒருவர். வரைபடங்களுக்கு எண் போட்டுப் பதிந்து வைத்து, கேட்டவுடன் எடுத்துத் தருவது அவர் வேலை. மொத்தம் பதினெட்டாயிரம் வரைபடங்கள். எந்தப் பம்பின் எந்த வாஷருக்கு எந்த எண் என்று கம்ப்யூட்டர் தேடிக்கொண்டிருக்கும்போதே மரகதம் வாயால் சொல்லிவிடுவார். சென்னியப்பனின் கண்ணாடி அறைக்கு நேர் எதிரில்தான் அவர் மேசை. தலையை நிமிர்த்தினால் ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியும். நிமிர்த்துகிறவர் பெரும்பாலும் சென்னியப்பன்தான்.

ஆனி மாதத்துக் கல்யாணம் ஒன்றில் சென்னியப்பன் அவரைப் பார்த்தார். மண்டபத்தில் எண்ணூறு நாற்காலிகள் கிடக்க, மரகதம் ஒரு தூணோரமாக நின்றுகொண்டிருந்தார். உட்காருவதுதானே என்று கேட்டார். உட்கார முடிவதில்லை என்றார் மரகதம். இடுப்பு. அரை மணி நேரம் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மாத்திரை, பெல்ட், எண்ணெய் எல்லாம் ஆயிற்று. விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகஸ்ட் முப்பத்தொன்றோடு சரி. அதற்குள் மனசு மாறினால் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று இப்போதைய மேனேஜர் சொல்லியிருக்கிறாராம்.

"ஐம்பத்து நாலு வயசுதானே ஆகுது. வீட்டுல என்ன பண்ணப் போறே?" என்றார் சென்னியப்பன்.

"தெரியலீங்க சார்." மரகதம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நம்பர் சொல்றதைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்களே."

பந்தியில் சென்னியப்பனுக்குப் பாயசம் இறங்கவில்லை. அந்தப் பிரிவில் இப்போது இருக்கிற நாற்காலிகளை விலைப்பட்டியலில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். உறுதியாக இருக்கிறதா என்று பார்த்தார். வரிசையாகப் போட்டால் அழகாக இருக்கிறதா என்று பார்த்தார். உட்கார்ந்து பார்த்ததாக ஞாபகம் இல்லை.

முப்பது வருடத்துக்கு மேல் தண்ணீர் ஏற்றுகிற இயந்திரங்களை வடிவமைத்தவர். நாற்காலியில் தண்ணீர்கூடக் கிடையாது, என்ன பெரிய கஷ்டம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தார். கை கழுவிய ஈரம் காயாமல் திரும்பி வந்து, நான் உனக்கு ஒரு நாற்காலி செய்து தருகிறேன் என்று மரகதத்திடம் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அப்படித்தான் அறுபத்தொரு வயதில் அவர் பூங்கோதையிடம் மாணவராகப் போய்ச் சேர்ந்தார்.

பூங்கோதைக்கு வயது நாற்பத்து மூன்று. பெண்கள் பாலிடெக்னிக்கில் பன்னிரண்டு வருடம் இயந்திர வரைபடம் சொல்லிக் கொடுத்தவர். அந்த வேலையை விட்டும் டீச்சர் என்கிற பெயர் அவரை விடவில்லை. ஊருக்குள் கணபதி என்கிற பகுதியில் ஒரு பழைய பஞ்சுக் குடோனை எடுத்து, வேறெங்கும் உட்கார முடியாதவர்களுக்கு ஒவ்வொன்றாக நாற்காலி செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பல் டாக்டருக்கு, லாரி ஆபீசில் ரசீது எழுதுகிறவருக்கு, எட்டு மாதக் கர்ப்பத்தோடு வழக்காடிக்கொண்டிருந்த ஒரு வக்கீலுக்கு. தையலுக்கும் மெத்தைக்கும் காஜா பாய் என்று ஒருவர் இருந்தார். அவருக்குக் கையைவிட வாய் கொஞ்சம் வேகம்.

சென்னியப்பன் போன அன்று குடோனில் நாற்பது நாற்காலிகளாவது இருந்திருக்கும். டீச்சர் அவரை உட்காரச் சொன்னார். எதில் என்று சொல்லவில்லை. சென்னியப்பன் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே உயர முதுகு வைத்த நாற்காலியில், சுவரில் சாய்ந்து வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அங்கிருந்து குடோன் முழுவதும் தெரிந்தது. டீச்சர் அதைக் கவனித்தார்.

சென்னியப்பன் வந்த விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டு, பல நாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"ஏனுங் டீச்சர், ஒரு நல்ல நாற்காலிக்கு என்னதான் அடையாளம்?"

"காப்பியா, டீயாங்கண்ணா?"

காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, சென்னியப்பன் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டார்.

"சர்க்கரை போடலாங்களா?" என்றார் டீச்சர்.

மூன்று வாரம் போனது. சென்னியப்பன் வேகமாகக் கற்றுக்கொள்கிறவர். பாதம் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். முழங்காலின் பின்குழிக்கும் இருக்கையின் முன்விளிம்புக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி வேண்டும். விளிம்பு கூராக நிற்காமல் வளைந்து இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கால் மரத்துப்போகும். இடுப்பு உள்வாங்குகிற இடத்துக்கு முதுகுத்தாங்கி தானே வந்து சேர வேண்டும். சாய்ந்தால் தானும் சாய்ந்து, நிமிர்ந்தால் தானும் நிமிர வேண்டும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, பம்பு வரைபடம் போலவே அம்புக்குறி போட்டு அளவு குறித்தார். சார் வரைஞ்சதைப் பார்த்தா எந்தப் பக்கம் தண்ணி வரும்னு தேடத் தோணுது என்றார் காஜா பாய்.

டீச்சரிடம் சில வழக்கங்கள் இருந்தன. புது நாற்காலியைப் பாலித்தீன் உறையோடு கொடுத்தால் பத்து வருடமானாலும் அந்த உறை மேலேயே உட்கார்வார்கள் என்று, குடோனிலேயே அதைக் கிழித்துப் போட்டுவிடுவார். அதற்குப் பதிலாக இருக்கைக்கும் முதுகுக்கும் வெள்ளைக் காடாத் துணியில் மெல்லிய உறை. ஒரு வாரம் கழித்து அதைக் கழற்றிக்கொண்டு வர வேண்டும். துவைக்கக் கூடாது.

இன்னொரு வழக்கம், உட்கார்ந்து பார்க்கிறவரிடம் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவே மாட்டார்.

"கேக்காதீங்கண்ணா. கேட்டா நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. கல்யாண வீட்டுல சாம்பார் எப்படின்னு கேட்டு உண்மையை வாங்க முடியுங்களா?"

சென்னியப்பன் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஜூலைக் கடைசித் திங்கட்கிழமை நாற்காலி தயாரானது. மரகதத்தின் உயரம், கால் நீளம், மேசையின் உயரம் எல்லாம் பார்த்துச் செய்தது. இருக்கையின் ஆழம் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். அதில் சென்னியப்பன் சொந்தமாகச் சேர்த்தது ஒன்று உண்டு. முழுசாகச் சாய்ந்ததும் அடியில் ஒரு சின்னக் கொக்கி விழுந்து முதுகைத் தாங்கிக்கொள்ளும். விழும்போது டிக் என்று ஒரு சத்தம். நாக்கு நுனியில் எழுகிற சத்தம் போல, அவ்வளவுதான். அதைச் சரிசெய்ய நாற்பது தடவை முடுக்கியிருப்பார். சாய்வார், டிக், எழுவார். மறுபடி சாய்வார். காஜா பாய் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

நாற்காலி மரகதத்தின் மேசைக்குப் போன எட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு சென்னியப்பன் கம்பெனிக்குப் போனார். வரைபடப் பிரிவின் கதவைத் திறந்தார். கர்ர்ரென்று நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. ஓய்வு பெற்றால் என்ன, வந்திருப்பது சார்தானே. அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கையை அசைத்து எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டு, மரகதத்தின் மேசைக்கு இரண்டடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பத்து நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

மரகதம் இருக்கையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு சாண் இடம் காலி. முதுகு குச்சி போல நிமிர்ந்திருந்தது. முதுகுத்தாங்கி பாட்டுக்குத் தனியாக இருந்தது.

கேட்கக் கூடாது என்று எழுதி வைத்திருந்தும் கேட்டுவிட்டார். "எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்குங்க சார்."

டீச்சர் சொன்னது எவ்வளவு சரி என்று சென்னியப்பன் வியந்துபோனார். கேட்டால் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் தன் கண்ணை ஏமாற்ற முடியாது. நோட்டை எடுத்து எழுதினார். இருக்கை ஆழம் அதிகம், முதுகு எட்டவில்லை.

நாற்காலியை அன்றைக்கே குடோனுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். அந்த இருக்கையையே வெட்டிவிடலாம் என்றார். டீச்சர், அது அப்படியே இருக்கட்டும், வேற ஒண்ணு செஞ்சுக்கங்க என்றார். கழற்றி வந்த உறைகளை சென்னியப்பன் நான்காய் மடித்து, தேதி எழுதிய சீட்டைக் குத்தி, ஆணியில் தொங்கிய பையில் போட்டார். விரித்துப் பார்க்க நேரமில்லை. நேரில் பார்த்ததே நோட்டில் இருக்கும்போது துணியில் என்ன புதுசாக இருக்கப் போகிறது.

இரண்டாவது நாற்காலிக்கு முப்பத்தெட்டு சென்டிமீட்டர். அடுத்த செவ்வாயும் மரகதம் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். மூன்றாவதுக்கு முப்பத்து நான்கு. கடைசித் தையல் போட்டுவிட்டுக் காஜா பாய் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதுக்கு மேல வெட்டினா பெல்லும் கேரியரும் மாட்டி ரோட்டுல விட்டுடலாங்க சார்."

மூன்றாவது செவ்வாய் சென்னியப்பன் போனபோது மரகதம் அதன் நுனியிலும் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஒரு வரைபடம் எடுக்க எழுந்தார். எழும்போது இரண்டு கையாலும் மேசையைப் பிடித்தார். கண் ஒரு தடவை மூடித் திறந்தது. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, நல்லா இருக்குங்க சார் என்றார். இந்தத் தடவை சென்னியப்பன் கேட்கக்கூட இல்லை.

மேசையோரத்தில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. சாமி படம், தண்ணீர் பாட்டில், ஒரு பழைய ஸ்வெட்டர். மரகதம் தன் பொருட்களை எடுத்து வைக்கத் தொடங்கியிருந்தார். முப்பத்தொன்றுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

குடோனுக்கு வந்து அந்த வாரத்து உறைகளையும் மடித்துப் பையில் போட்ட சென்னியப்பன், வழக்கமான சுவரோர நாற்காலிக்குப் போகாமல், கையில் கிடைத்த எதிலோ உட்கார்ந்தார். மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இது வரலீங்க டீச்சர். ஒவ்வொரு தடவையும் சரி பண்ணப் பண்ண, அந்தம்மாவுக்கு வலி ஏறிட்டே போகுது." மறுபடியும் அதையே கேட்டார். "ஒரு நல்ல நாற்காலிக்கு என்னதானுங்க அடையாளம்?"

டீச்சர் எழுந்து போய் ஆணியில் இருந்த பையை எடுத்து வந்தார். சென்னியப்பன் மடித்துப் போட்ட மடிப்பு கலையாமல் எல்லா உறைகளும் இருந்தன. நீங்க பார்ப்பீங்கன்னு வெச்சிருந்தேன் என்று சொல்லி, மேசையில் ஒவ்வொன்றாக விரித்தார்.

மூன்றாவது வாரத்து உறையில் முன்விளிம்பு மட்டும் கசங்கிக் கிடந்தது. முதுகுப் பக்கம் வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம் போல வெளுப்பாக இருந்தது. இரண்டாவது வாரத்து உறையின் முதுகில் ஏதோ லேசான நிழல். டீச்சர் முதல் வாரத்து உறையை விரித்தார்.

சென்னியப்பன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

இருக்கை முழுவதும் சமமாக அழுந்தியிருந்தது. இடுப்பு படுகிற இடத்தில் துணி உரசிச் சாம்பல் பூத்திருந்தது. தோள்பட்டை உயரத்தில் இரண்டு பக்கமும் மினுமினுப்பு. அதற்கு மேலே, தலை சாய்கிற இடத்தில், ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தேங்காய் எண்ணெய்க் கறை.

சென்னியப்பன் நிறைய நேரம் பார்த்தார். பிறகு அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. முகம் தெளிந்தது.

"இது அட்டெண்டர் மாணிக்கவேலுங்க. மத்தியானம் சாப்பிட்டதும் கிடைச்ச நாற்காலியில ஒரு தூக்கம் போடுவான். நான் இருக்கும்போதே போடுவான்."

டீச்சர் உறையின் மடிப்பை எடுத்து ஒரு உதறு உதறினார். காய்ந்து பழுப்பேறிய மல்லிகைப் பூ ஒன்று மேசையில் விழுந்தது.

"மாணிக்கவேல் பூ வெப்பாருங்களா?"

காஜா பாயின் தையல் மிஷின் நின்றது. மிஷின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அவர் குலுங்கினார்.

சென்னியப்பன் அந்தப் பூவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "சாஞ்சுதான் உட்கார்ந்திருக்குது. அப்ப நான் பாக்கும்போது மட்டும் ஏன்..." என்று ஆரம்பித்தவர், வாக்கியத்தை முடிக்கவில்லை.

டீச்சர் உறைகளை மடித்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு நானும் வரேன். முதல் நாற்காலியை எடுத்துக்கலாம். ஸ்பேனர் மறந்துடாதீங்கண்ணா."

"ஸ்பேனர் எதுக்குங்க?"

"சர்க்கரை போடலாங்களா?" என்றார் டீச்சர்.

மறுநாள் காலை நாற்காலியை ஒரு சின்ன டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வரைபடப் பிரிவின் கதவைத் திறந்ததும் நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன, கர்ர்ரென்று. டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எல்லாரும் எங்கீங்க கிளம்பிட்டாங்க?"

"மரியாதைங்க டீச்சர்," என்றார் சென்னியப்பன். சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

"ஓ. மணி அடிச்சிருச்சோன்னு நினைச்சேன்."

அங்கே இருந்த நாற்காலியை நகர்த்தி, முதல் நாற்காலியைப் போட்டார்கள். மரகதம் அதை அடையாளம் கண்டுகொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. உட்கார்ந்தார். நுனியில் உட்கார்ந்தார். சென்னியப்பனின் கால்கள் பழக்கத்தில் இரண்டடி தள்ளிப் போய் நின்றன. கைகள் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன.

"அண்ணா, அடியில ஒரு நட்டு லூசா இருக்குமோன்னு சந்தேகமா இருக்குங்க. பாத்துடுங்களேன்."

காலையில்தான் எல்லாவற்றையும் முடுக்கினேன் என்றார் சென்னியப்பன். இன்னொரு தடவை பார்த்தால் தப்பில்லை என்றார் டீச்சர். அப்படியானால் நாற்காலியைக் கவிழ்க்க வேண்டும் என்றார் சென்னியப்பன். கவிழ்த்தால் தெரியாது, ஆள் உட்கார்ந்திருந்தால்தான் தெரியும் என்றார் டீச்சர்.

சென்னியப்பன் தரையைப் பார்த்தார். இருபத்து நான்கு வருடம் நடந்த தரை. கைக்குட்டையை விரிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்து, விரிக்காமலே மண்டியிட்டார். முழங்கால் இரண்டும் சடசடத்தன.

மரகதம் பதறி எழுந்தார். "ஐயோ, வேண்டாங்க சார்."

"நீங்க உட்காருங்க," என்றார் டீச்சர். "அவர் வேலையை அவர் பாக்கட்டும். உங்க வேலையை நீங்க பாருங்க." சொல்லிவிட்டு, ஓரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேசையில் கிடந்த நாள்காட்டியைப் புரட்ட ஆரம்பித்தார்.

மொத்தம் ஆறு நட்டுகள். சென்னியப்பன் மேசைக்காலில் சாய்ந்து உட்கார்ந்து ஸ்பேனரை வைத்தார். முதலாவது இறுக்கமாக இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். அங்கிருந்து மரகதத்தின் முகம் தெரியவில்லை. பாதங்கள்தான் தெரிந்தன. விரல்கள் தரையில் ஊன்றியிருக்க, குதிகால்கள் இரண்டும் மேலே தூக்கியிருந்தன. கூப்பிட்டால் உடனே எழுந்து ஓட வசதியாக.

சென்னியப்பன் தலையைத் திருப்பினார். மேசைகளுக்கு அடியில் அந்தக் கூடம் முழுவதும் தெரிந்தது. இத்தனை வருடம் அவர் கண்ணாடி வழியாகத் தலைகளைத்தான் பார்த்திருந்தார். இப்போது கால்கள். செருப்புப் போட்டவை, ஷூ போட்டவை, கொலுசு போட்டவை. ஒன்றுவிடாமல் எல்லாக் குதிகால்களும் தரையிலிருந்து இரண்டு விரல் மேலே நின்றன.

மூன்றாவது நட்டுக்கு அவர் ஸ்பேனரை வைக்கவில்லை.

மேலே தொலைபேசி அடித்தது. கீழே பட்டறையில் ஏதோ ஒரு பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாஷர் அளவு தெரியாமல் நிற்கிறார்களாம். எந்தப் பம்பு என்று கேட்டார் மரகதம். பெயரைச் சொன்னதும், ஏழாயிரத்து நானூற்றுப் பதினெட்டு என்றார். இல்லை, அது பழைய மாடல், புதுசுக்குப் பதினோராயிரத்து முப்பத்தாறு என்றார். மறுமுனையில் சந்தேகப்பட்டார்கள் போலிருக்கிறது. கம்ப்யூட்டர் வேற சொன்னா கம்ப்யூட்டரையே போய்ப் பம்புல மாட்டுங்க என்றார் மரகதம். பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். வைத்ததும் மறுபடி அடித்தது. அதற்கும் ஒரு எண். பிறகு இன்னொன்று.

அந்தக் குதிகால்கள் எப்போது கீழே இறங்கின என்பதை சென்னியப்பன் பார்க்கத் தவறிவிட்டார். பார்த்தபோது இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்திருந்தன.

தலைக்கு மேலே, டிக்.

அவர் ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டார். கூடத்தில் வேறு சத்தங்களும் இருந்தன. இந்த மேசையில் ஒரு முனகல், அந்த மேசையில் ஒரு கிரீச். இரும்பு நாற்காலிகளின் முதுகில் ஒவ்வொருவராக முதுகு சேர்கிற சத்தம். இருபத்து நான்கு வருடத்தில் அதை அவர் கேட்டதில்லை.

தொலைபேசி ஓய்ந்தது. மரகதம் கீழே குனியவில்லை. நிமிரவும் இல்லை. திரையைப் பார்த்தபடியே கூப்பிட்டார்.

"சார்."

"சொல்லுங்க," என்றார் சென்னியப்பன்.

"இது முதல்ல வந்த நாற்காலிதானுங்களே?"

"ஆமா."

"அந்த வாரம் பூரா வலியே தெரியலீங்க. சாயங்காலம் பஸ்ஸுல நின்னுட்டே போனேன், அப்பவும் தெரியலீங்க. இதை ஏன் எடுத்துட்டுப் போனீங்க?"

சென்னியப்பன் கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்தார்.

"நீங்க நுனியில உட்கார்ந்திருந்தீங்க."

மேலே விசைப்பலகை நாலைந்து தட்டு தட்டியது. நின்றது.

"நீங்க நின்னுட்டிருந்தீங்க," என்றார் மரகதம்.

குறையாகச் சொல்லவில்லை. ஒரு வரைபடத்தின் எண்ணைச் சொல்வது போலச் சொன்னார். அடுத்த வரியைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

சென்னியப்பனுக்கு முகம் சூடானது. எழுந்து ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. வலது கையைத் தரையில் ஊன்றினார்.

டீச்சர் நாள்காட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்திரிக்காதீங்கண்ணா," என்றார். "அவங்க இப்பத்தான் சாஞ்சிருக்காங்க."

சென்னியப்பன் ஊன்றிய கையை எடுத்துக்கொண்டார். மேசைக்காலில் முதுகைச் சாய்த்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி மரகதம் தன் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நான்கு வருடம் கழித்து, ஐம்பத்தெட்டாவது வயதில் ஓய்வு பெற்றார்.